புது டிரம் எண்ணெய்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

என் மெஷினின் எஃகுத் தண்டு தேய்ந்து கீறல் விழுந்துவிட்டது. "ஒழுங்கா எண்ணெய் விட்டா இப்படி ஆகுமா?" என்று மேஸ்திரி என்மேல் பாய்ந்தார். எனக்கோ ஸ்டோர்காரர்மேல்தான் சந்தேகம். அவர் தந்த புது டிரம் எண்ணெயில் வழவழப்பே இல்லை, விரலில் தண்ணீர்போல் ஓடியது. மாற்றிய தண்டும் கீச்சிடவே, சீல் உடைக்காத வேறொரு எண்ணெய் டின்னை மேஸ்திரி கண்முன்னே திறந்து ஊற்றினேன். சத்தம் அடங்கியது. அவரோ புது டிரம்மைப் பற்றி விசாரிக்காமல் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். இந்தக் கலப்படத்தில் அவருக்கும் பங்கு இருக்குமோ? இன்று ஸ்டோர்காரர் சிரித்துக்கொண்டே, "டீ குடிம்மா" என்று நீட்டினார். பயப்படாதீர்கள், நான் குடிக்கவில்லை.

கைக்கறை போக நம் வீட்டு சோப்பு இரண்டு அனுப்புங்கள். பதிலைத் தங்கையிடம் சொல்லி எழுதவைக்காமல் நீங்களே எழுதுங்கள். உங்கள் கையெழுத்தையாவது யோசிக்காமல் நம்பலாம்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் பெரியவள்