மேற்குக்கு 306 மூச்சு

புதுக்குளம் குடியிருப்பு, கலிஸ்டோ, வியாழனின் நிலா. காற்று நிலையக் குறிப்பேடு.
எழுதுபவர்: நா. சிற்றம்பலம், வயது 73. பதவி: உதவியாளர், மூன்றாம் தரம்.

நாள் 8031. 06:00

வடக்குச் சுரங்கம் 614 மூச்சு. தெற்கு 587. மேற்கு 212. கிழக்கு மூடியது. குழாய்களில் அழுத்தம் சீர். இரண்டாம் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். வாசிப்பு முடிந்தது.

இதைக் கண்டெடுப்பவர் வெளியாளாக இருக்கலாம். அதனால் விளக்கம். ஒரு ஆள் ஒரு நாளில் செலவழிக்கும் காற்றுக்கு நான் வைத்த பெயர் மூச்சு. எஞ்சினியர்மார் கிலோவில் எழுதினார்கள். கிலோ சனத்துக்கு விளங்கவில்லை, விளங்கவேண்டும் என்று எஞ்சினியர்மாருக்கு எண்ணமும் இல்லை. 22 ஆண்டுக்கு முன் கிழக்குச் சுரங்கத்தின் பனிச்சுவர் கசியத் தொடங்கியபோது மானி மூன்று நாள் தொடர்ந்து இறங்கியது. மூன்று முறை போய்ச் சொன்னேன். "உன் வேலை வடிகட்டி கழுவுவது" என்றார் பிரதான எஞ்சினியர். சனம் பதறக்கூடாதென்று இலக்கத்தை மறைத்தார்கள். 41 பேர் போனார்கள். என் மனைவி பூரணம் அதில் ஒருத்தி.

அந்த நாளிலிருந்துதான் இந்த நாட்கணக்கு எண்ணப்படுகிறது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் எல்லாச் சுரங்கத்தின் இலக்கத்தையும் திறந்த அலைவரிசையில் உரக்க வாசிக்க வேண்டும் என்று சனம் கூடி முடிவெடுத்தது. வாசிப்பது நான். ஒரு வாசிப்பும் தவறவில்லை. எஞ்சினியர்மார் குடியிருப்பை ஆண்ட கம்பனியின் கப்பலில் ஏறிப் போய்விட்டார்கள். நிலையத்தை நான் நடத்துகிறேன். பதவியை மாற்றத்தான் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

நாள் 8033. 11:20

நிலையத்தின் வடக்குக் கதவை வெளியிலிருந்து இரும்பை உருக்கி ஒட்டிவிட்டார்கள். இரும்புத் தகடு மூன்று அடுக்கு. ஒட்டியது தளபதி செவ்வேளும் அவன் ஆட்களும். அதை அறிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தெற்குக் கதவைத் தளபதி அருவியின் ஆட்கள் ஒட்டினார்கள். மூன்றாவது கதவு கிடையாது. என்னிடம் 19 நாள் உணவு இருக்கிறது.

கம்பனிப் படையை விரட்டியபோது இவர்கள் இருவரும் ஒரே இயக்கம். வென்ற மறுவருடமே இயக்கம் இரண்டாகியது. செவ்வேள் வடக்கை வைத்திருக்கிறான், அருவி தெற்கை. இரு பக்கமும் வீட்டுக்கு ஒருவரைப் படைக்குப் பிடிக்கிறது. மேற்கில் வைத்தியசாலை. அதை இருவரும் தொடுவதில்லை என்று ஒப்பந்தம். என் மகள் தவமலர் அங்கே தலைமைத் தாதி.

செவ்வேள் முன்பு இங்கே ஒட்டு வேலை செய்தவன். வோக்கிடோக்கியில் வந்தான்.

"அண்ணை, சாப்பிட்டியளோ?"

"கதவை அடைச்சுப்போட்டு என்னடா சுகம் விசாரிப்பு."

"அது உங்கடை பாதுகாப்புக்குத்தான். அருவியின்ரை ஆக்கள் உள்ளுக்கை வந்தா என்ன செய்யிறது?"

"உள்ளுக்கை இருந்து திறக்கேலாத பாதுகாப்புக்கு வேறை பேர் இருக்கு, தம்பி."

சிரித்தான். ஒட்டு நன்றாக ஒட்டியிருக்கிறான். என்னிடம் பழகியது.

நாள் 8036. 18:00

வடக்கு 571. தெற்கு 583. மேற்கு 259. கிழக்கு மூடியது.

வாசித்த கையோடு செவ்வேள்.

"அண்ணை, வடக்கின்ரை இலக்கத்தை இனி வாசிக்காதேங்கோ. என்னட்டை எத்தினை பேர் நிக்கினம், எத்தினை பேர் போயிட்டினமெண்டு அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

"அவளின்ரையை நீ கேட்கேல்லையோ?"

"கேட்கிறன்தான்."

"பிறகென்ன."

கால் மணித்தியாலம் கழித்து அருவி.

"வணக்கம், எஞ்சினியர் ஐயா. ஒருத்தற்றை கதையும் கேட்காமல் நீங்கள் உள்ளதை உள்ளபடி வாசிக்கவேணும்."

எஞ்சினியர் ஐயா. இந்த 22 ஆண்டில் ஒருவர் வாயாலும் அது வரவில்லை. இப்போது அது எதற்காக வந்தது என்று தெரிந்தும் ஒரு கணம் இனித்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மேற்கில் ஏன் 47 மூச்சு கூடியது என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. காய்ச்சல் பரவியிருக்கலாம் என்று நினைத்தேன்.

நாள் 8038. 05:10

வைத்தியசாலைக்கும் நிலையத்துக்கும் இடையே பழைய உள்தொடர்புக் கம்பி ஒன்று உண்டு. அதில் வேறு ஒருவரும் கேட்க முடியாது. தவமலர் அழைத்தாள்.

"அப்பா, ஆறு மணிக்கு மேற்கு எவ்வளவெண்டு வாசிக்கப்போறியள்?"

"மானி காட்டுறதை. முந்நூற்றி ஆறு."

"இருநூற்றிப் பன்ரண்டெண்டு வாசியுங்கோ. ஒரு கிழமைக்கு மட்டும்."

"ஆர் அந்தத் தொண்ணூற்றி நாலு பேர்?"

"ரெண்டு பக்கத்தாலையும் துவக்கைப் போட்டிட்டு ஓடி வந்ததுகள். கட்டிலுக்குக் கீழையும் மருந்து அறையிலையும் படுத்திருக்குதுகள். பிடிபட்டா என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். ஓடியவர்களைச் சுடும்போது இரு பக்கமும் திறந்த அலைவரிசையில் பெயர் சொல்லித்தான் சுடுகிறது.

"பிள்ளை, இலக்கத்திலை ஒருக்காக் கை வைச்சா, பிறகு எந்த இலக்கத்தைச் சனம் நம்பிறது?"

"அம்மா செத்தது ஆரோ இலக்கத்தை மறைச்சதாலை. இந்தப் பிள்ளையள் சாகப்போறது நீங்கள் அதைச் சொல்லுறதாலை."

மானியைப் பார்த்தேன். 306.

"சரி. வாசியுங்கோ. நீங்கள் பிழை விட்டதை நான் எப்ப கண்டனான்" என்று வைத்துவிட்டாள்.

நாள் 8038. 06:00

வடக்கு 560. தெற்கு 547. மேற்கு 306. கிழக்கு மூடியது.

வாசித்தேன்.

நாள் 8038. 13:40

இரு பக்கமும் மேற்கு வாசலுக்கு வந்துவிட்டன. இலக்கத்தைக் கேட்டுக் கணக்குப் பார்த்து, ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிட்டன. வைத்தியசாலைச் சமையல்காரர் விசுவலிங்கம் வெளியே வந்து, இது ஆஸ்பத்திரி, இங்கே துவக்கோடு நிற்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். கையில் அகப்பை இருந்ததாம். சுட்டது செவ்வேள் பக்கம் என்று அருவி சொல்கிறாள், அவள் பக்கம் என்று செவ்வேள் சொல்கிறான். அவரைத் தூக்க வந்த பெடியனையும் சுட்டார்கள். அந்தப் பெடியன் 94இல் ஒருவன்.

தவமலர் உள்ளிருந்து கதவை இறுக்கிவிட்டாள். அந்தக் கதவின் சட்டம் நிலையத்துக் கதவுபோல இரும்பில் அல்ல, வெறும் பனியில் நிற்கிறது. வெடி வைத்தாலோ சூடு காட்டினாலோ சுவர் பிளக்கும், கிழக்கு பிளந்ததுபோல. அதனால் வெளியில் நிற்பவர்களால் கதவைத் தொட முடியாது.

உள்தொடர்பில் ஆறு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

நாள் 8038. 18:00

வடக்கு 560. தெற்கு 547. மேற்கு 304. கிழக்கு மூடியது.

304 என்று வாசித்தேன். மறுபடி வாசித்தேன். என் இலக்கம் சரி. நான் செய்தது பிழை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

நாள் 8039. 07:15

இருவரும் ஒரே அழைப்பில் வந்தார்கள். முதலில் அருவி பேசினாள்.

"எஞ்சினியர் ஐயா, மேற்குக் காற்றை நாலு மணித்தியாலத்துக்குப் பாதியாக் குறையுங்கோ. ஒருத்தரும் சாக வேண்டாம். தலை சுத்தினா தாங்களாவே வெளியிலை வருவினம். அவரவர் ஆக்களை அவரவர் கூட்டிக்கொண்டு போறம்."

"வாட்டிலை கிடக்கிற நோயாளியளுக்கும் தலை மட்டும்தான் சுத்துமோ?"

"அண்ணை, இது எங்கடை ரெண்டு பேற்றையும் முடிவு" என்றான் செவ்வேள்.

"அஞ்சு வருசமா ரெண்டு பேரும் ஒரு மேசையிலை இருக்கேல்லை. இதுக்கெண்டு இருந்திருக்கிறியள். நல்லது."

"குறைப்பியளோ மாட்டியளோ?"

"மாட்டன்."

"அப்ப வடக்குக் கதவை வெட்டி உள்ளுக்கை வந்து நாங்களே மூடுறம். உங்களுக்கு ஒண்டும் செய்யமாட்டம், அண்ணை."

"ஒட்டேக்கையும் இதைத்தான் சொன்னனீ."

நாள் 8039. 07:50

கதவில் இரண்டு காஸ் வெட்டிகளின் சத்தம். இரண்டும் வேலை செய்தால் மூன்று தகட்டுக்கும் ஐந்து மணித்தியாலம்.

மேற்கு வால்வு இப்போது முழுதாகத் திறந்திருக்கிறது. மேலே ஒரு சக்கரம். சக்கரத்திலிருந்து உள்ளே போகும் தண்டு 38 மில்லிமீற்றர் உருக்கு. அதை அடியோடு வெட்டிவிட்டால் பிடித்துத் திருப்ப எதுவும் மிஞ்சாது. எவராலும் மூட முடியாது. வளைத்து விட்டால் போதாது, செவ்வேள் சூடாக்கி நிமிர்த்திவிடுவான்.

என் காஸ் வெட்டியின் சிலிண்டர் வெறுமை. போன மாதம் வடக்குக் குழாயின் கசிவை அடைக்க முடித்துவிட்டேன். செவ்வேளின் குழாய்தான்.

இரும்பு அறுக்கும் கைவாள் இருக்கிறது. அலகு நான்கு.

நாள் 8039. 08:05

திறந்த அலைவரிசையில் நான் சொன்னது, சொல்லுக்குச் சொல்:

"காற்று நிலையம் பேசுகிறது. மேற்கு வால்வு முழுதாகத் திறந்திருக்க, அதன் தண்டை வெட்டிவிட்டேன். இனி அதை மூட முடியாது. கதவை வெட்டிப் பயனில்லை."

பொய். தண்டில் அப்போது ஒரு கீறலும் இல்லை. 22 ஆண்டில் இந்த ஒலிவாங்கியில் நான் சொன்ன முதல் பொய். நடுக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நாள் 8039. 08:20

அலைவரிசையை மூட மறந்து இருவரும் பேசினார்கள். எல்லாச் சுரங்கமும் கேட்டிருக்கும்.

"அண்ணை பொய் சொல்லமாட்டார். அவரோடை வேலை செய்தவன் நான். ஆக்களை எடு."

"பொய் சொல்லமாட்டார். சரி. எழுபத்தி மூண்டு வயசு மனிசன் சரியாத்தான் வெட்டினவரோ? கண்ணாலை பாத்திட்டுப் போவம்."

"உனக்கு ஒருத்தரையும் நம்பேலாது."

"உன்னை நம்பி இருந்தனான்தானே, செவ்வேள்."

செவ்வேளின் வெட்டி நின்றது. மற்றது நிற்கவில்லை. ஐந்து மணித்தியாலம் பத்தாகிறது.

தண்டை வெட்டி முடித்தால் இந்தக் குறிப்பேட்டில் பொய் எதுவும் இருக்காது. முடிக்காவிட்டால் குறிப்பேட்டைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இருக்காது. வாளை எடுக்கிறேன்.

10:30

6 மில்லிமீற்றர். வால்வுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலில் இருந்துதான் வாளை இழுக்க முடிகிறது. முழு இழுப்புக்கு இடமில்லை. ஒரு அலகு உடைந்தது.

12:45

14. தண்ணீர் ஊற்றி ஊற்றி அறுக்கிறேன். உள்ளங்கைத் தோல் போய்விட்டது. துணி சுற்றியிருக்கிறேன். இரண்டாவது அலகு மழுங்கிவிட்டது.

முதல் தகடு விழுந்த சத்தம் கேட்டது.

14:10

20. பாதி தாண்டிவிட்டது.

கதவுக்கு அப்பாலிருந்து செவ்வேளின் குரல், வோக்கி இல்லாமல், நேராக.

"அண்ணை, உள்ளுக்கை என்ன சத்தம்?"

"வடிகட்டி கழுவுறன். என்ரை வேலை அதுதானே."

அவன் மறுபடி கேட்கவில்லை. வாளின் சத்தம் எது, தூரிகையின் சத்தம் எது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அருவியிடம் சொல்லவில்லை போலும். அல்லது சொல்லிவிட்டான். இரண்டாவது வெட்டி இன்னும் தொடங்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

15:55

27. மூன்றாவது அலகும் உடைந்தது. இன்னும் ஒன்று.

பூரணம் இருந்திருந்தால் என்னை ஏசியிருப்பாள். நேற்று வாசித்ததற்கு.

17:00

32. இரண்டாம் தகடு எப்போதோ விழுந்துவிட்டது, கவனிக்கவில்லை. கடைசித் தகட்டில் சிவப்புக் கோடு தெரிகிறது. மேலிருந்து கீழே இறங்குகிறது. இடது கை மடங்கவில்லை. எழுத்து இப்படித்தான் வரும்.

17:20

இரண்டாவது வெட்டியும் தொடங்கிவிட்டது.

17:46

35. சிவப்புக் கோடு மூன்று பக்கம். புகை.

உள்தொடர்பு அடிக்கிறது. மேற்கிலிருந்து. தவமலர்தான், அந்தக் கம்பியில் வேறு ஒருவருமில்லை. எடுக்க ஒரு கை வேண்டும். வாளுக்கு இரண்டு கையும் வேண்டும்.

அடிக்கட்டும் பிள்ளை. அடித்துக்கொண்டிரு.

18:00

வாசிப்பு நேரம். ஒலிவாங்கி ஒன்பது அடி தூரத்தில் இருக்கிறது. போகவில்லை. எல்லாச் சுரங்கத்திலும் சனம் காத்து நிற்கும். நிற்கட்டும்.

36

18:0

கதவு சரிகிறது அருவியின் குரல் என் பெயரைச் சொல்லி எஞ்சினியர் என்று இல்லை

மணி இன்னும் அடிக்கிறது

37 மிச்சம் ஒன்றுதான் இனி வாள் வேண்டாம் உடைக்கச் சுத்தியலை எடுக்கிறேன்