பாசிக்கு வைத்தியம்

அப்பா,

கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பாட்டிலைத் திறந்தேன். பாசி வாடை எழுந்ததும் உங்களிடம் பேச வேண்டும்போல் இருந்தது. அம்மா தூங்குகிறாள். போர்வைக்குள் டார்ச்சை வைத்து எழுதுகிறேன். போகாதே என்று அவள் சொல்லியும், ஏலக்காய்த் தோட்டத்தில் பிளாஸ்டிக் விரித்துத் தண்ணீர் தேக்கும் படுதாக்குளத்தில் இன்று இறங்கிவிட்டேன். தெரிந்தால் தொலைந்தேன். அதைவிடப் பெரிய பயம் நாளைக்கு. எங்கள் கேரளப் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் இந்தப் பாசியைப் பற்றி, எனக்குச் சரளமாக வராத மலையாளத்தில் பேச வேண்டும். இன்றைய ஒத்திகையில் எனக்கு வாயே திறக்கவில்லை.

பள்ளியில் தந்த காகித நுண்ணோக்கியை உங்கள் கண்ணில் வைத்த நாளில், ஏலச்செடிக்குத் துரிசு மருந்து அடித்துவிட்டு வந்து கையெல்லாம் நீலமாக நின்றீர்கள். பாசி இழையில் உருண்டை உருண்டையாக ஒட்டியிருந்ததைக் காட்டினேன். "இது கைட்ரிட். ஒரு பூஞ்சைப்பா. நீந்தி வந்து பாசியில ஒட்டும். உள்ள வேர் விட்டு அதையே தின்னு வளரும்."

"சூப்பர்வைசர் மாதிரி வெளிய உக்காந்துகிட்டே உள்ள உறிஞ்சுறானே!" என்று சிரித்தீர்கள். பிறகு முகம் மாறிற்று. "பூஞ்சைன்னா அழுகல்ல? பாவம்டி பாசி."

ஏலச்செடியில் அழுகல் வந்தால் துரிசு அடிக்கிறவர் சும்மா இருப்பாரா? மறுநாள் காலையில் பாட்டில் தண்ணீர் நீலமாக இருந்தது. பூஞ்சை செத்திருந்தது, நீங்கள் காப்பாற்ற நினைத்த பாசியும் வெளுத்துச் செத்திருந்தது. நான் அழுதேன். "ஒரே ஒரு சிட்டிகதான் போட்டேன் பாப்பா" என்று தலையைச் சொறிந்தீர்கள். உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொட்டுகிற மழையில் குளத்துக்குப் போனீர்கள். எனக்கு ஒரு சொட்டு போதும். நீங்கள் கொண்டுவந்தது ஒரு வாளி.

அந்தப் பாசியிலும் உருண்டைகள் இருந்தன. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று வெடித்து, பொடிப் பொடியாக என்னவோ நீந்தி வெளியேறியது. "போறான், போறான்!" என்று கத்தினீர்கள். யானை வந்துவிட்டது என்று பக்கத்து லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களையும் வரிசையில் நிறுத்திக் காட்டினீர்கள்.

அடுத்த இரண்டு மாதத்தில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இதுவரை எழுதியபோது அம்மா போர்வையை இழுத்துவிட்டாள். பாட்டிலைப் பார்த்தாள். "குளத்துலயா இறங்குன? ஏசப்பா! வழுக்கி உள்ள போயிருந்தா நான் யார்கிட்டடி போய் நிப்பேன்?" அழுவாள் என்று பயந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படி என்னதான் இருக்கு அதுல? காட்டு" என்றாள்.

காட்டினேன். பூஞ்சை பாசியைத் தின்பதையும் சொன்னேன். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"அப்ப பாசி முழுக்கச் செத்துருமா?"

"இல்லம்மா, கொஞ்சந்தான். நீந்திப் போற குட்டிகளத் தண்ணிப்பூச்சி தின்னுரும்."

"அந்தப் பூச்சிய?"

"மீனு."

"மீன நீ" என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு பதிலுக்கும் எனக்கு நாக்குத் தடுமாறவில்லை அப்பா. "இனிமே குளத்துக்குன்னா என்னையக் கூப்பிடு" என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

பயம் போகவில்லை. ஆனால் தப்பாகப் போனதும் முதலில் சிரித்துவிட்டு, உடனே மறுபடியும் தொடங்குகிற குணம் உங்களிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. நாளைக்கு மலையாளம் சிக்கினால் அதைத்தான் செய்யப் போகிறேன்.

உங்கள்
பாப்பா