சுருட்டுப் பெட்டியில் மூன்று தந்தி

நாள் 402 | 08:10

கலிஸ்டோ தொடர்பு நிலையம், வியாழனின் நிலா. பதிவு செய்பவர்: ஜெசிந்தா மச்சாது, பொறியாளர். நிலையத்தில் ஆள்: ஒருவர்.

வெளி வெப்பநிலை மைனஸ் 139. காற்று, நீர், மின்சாரம், ஆன்டெனா சரி. நேற்றைய கதிர்வீச்சுப் புயலில் பொழுதுபோக்கு நினைவகம் அழிந்துவிட்டது. இனி இங்கே ஒரு பாட்டுகூட இல்லை. மற்றபடி இழப்பு இல்லை.

நாள் 405 | 15:30

மற்றபடி இழப்பு இல்லை என்று எழுதியது தவறு. வேலை செய்யும்போது என் மூச்சு எனக்கே கேட்கிறது.

எனக்கு முன் இருந்த பொறியாளர் விட்டுப்போன சுருட்டுப் பெட்டி ஒன்று அலமாரியில் கிடந்தது. இங்கே தீ பற்றவைக்கத் தடை. மோந்து பார்ப்பதற்கென்றே சுருட்டு கொண்டுவந்திருப்பார் போல. நிலையத்தில் உள்ள ஒரே மரம் அந்தப் பெட்டிதான். விரலால் தட்டிப் பார்த்தேன். மூடி நன்றாக அதிர்ந்தது.

கிதார் செய்யப் போகிறேன். இதுவரை செய்ததில்லை. வாசித்ததும் இல்லை.

நாள் 409 | 11:00

தோல்வி. காலியாகக் கிடக்கும் இரண்டாவது கட்டிலின் அலுமினியக் காலை வெட்டிக் கழுத்தாக்கினேன். எஃகு வடத்தைப் பிரித்து மூன்று இழை எடுத்தேன். கழுத்தைப் பெட்டியின் மூடியில் திருகினேன். அங்கேதான் பிழை. தந்தியை முறுக்க முறுக்க மூடி வளைந்து விரிசல் விட்டது. ஓர் இழை அறுந்து கன்னத்தைக் கிழித்தது. கண்ணாடி பார்த்து நானே நான்கு தையல் போட்டுக்கொண்டேன்.

நாள் 411 | 09:20

சரக்குக் கலத்தோடு ரேடியோ தொடர்பு கிடைத்தது. ஒவ்வொரு பதிலும் வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஓட்டுபவர் சங்கரபாண்டி, அம்பாசமுத்திரத்துக்காரர், எங்கள் ஊர்ப் பக்கம். இங்கேயே தங்கி இரண்டு வருடம் என்னோடு வேலை பார்க்கப் போகிறவர். பன்னிரண்டு நாளில் இறங்குவார்.

"யக்கா, நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டு ஏழு மாசம் ஆச்சு. என்ன செய்துகிட்டு இருக்கீய?"

"கிதார் செய்யுதேன் தம்பி. அதுக்காவ உங்க கட்டில் காலை வெட்டிட்டேன். கோவிச்சுக்கிடாதீய."

"அதுக்கென்ன, தரையில படுத்துக்கிடுதேன். நான் எறங்குறதுக்குள்ள அது பாடணும், ஆமா."

சிரித்தார். பதிவில் எழுதத் தேவையில்லாத விஷயம். எழுதுகிறேன்.

நாள் 416 | 16:45

இந்த முறை பெட்டியின் இரு பக்கச் சுவரிலும் துளை வெட்டிக் கழுத்தை ஊடாக நுழைத்தேன். தந்தியின் இழுப்பைக் கழுத்து தாங்குகிறது. மூடிக்கு அதிரும் வேலை மட்டும். விரிசலைப் பசையால் அடைத்தேன். தந்திகளைத் தாங்க மூடிமேல் ஒரு பெரிய போல்ட். விரலுக்குப் பதில் கண்ணாடி மருந்துக் குப்பியைத் தந்திமேல் வழுக்கி வாசிக்க வேண்டும். சுருதி: ச, ப, மேல் ச.

முதலில் தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி இரைந்தது. போல்ட்டை இரண்டு மில்லிமீட்டர் உயர்த்தினேன். பாடியது.

கொஞ்ச நேரம் அழுதேன். வேலை நேரத்தில் கழித்துக்கொள்ளவும்.

நாள் 422 | 13:05

கலத்தின் எஞ்சின் இயங்கவில்லை. வேகத்தைக் குறைக்க மூன்று முறை முயன்றிருக்கிறார்.

"யக்கா, எஞ்சின் பிடிக்க மாட்டேங்கு. ஜெனரேட்டரும் நின்னு போச்சு."

நாளை இறங்க வேண்டியவர் நாளை கடந்து போவார், நொடிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில். துரத்திப் பிடிக்க என்னிடம் கலம் இல்லை. பூமியைக் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"வழி ஏதும் இல்லை. வருந்துகிறோம்."

எனக்கு உணவு பதினெட்டு மாதத்துக்கு இருக்கிறது. அவருக்கு பேட்டரி பத்து நாளைக்கு.

நாள் 423 | 10:17

கடந்தார். ஜன்னலில் ஒரு புள்ளி, நான்கு நொடி.

"உங்க வெளக்கு தெரிஞ்சுது யக்கா."



நாள் 427 | 10:30

என் குரல் அவரைச் சேர இருபத்து மூன்று நொடி. அவர் குரல் திரும்பி வர இன்னொரு இருபத்து மூன்று. வாசிக்கச் சொன்னார். எனக்கு எந்தப் பாட்டும் முழுதாகத் தெரியாது. மனதில் வந்ததை மீட்டினேன். அவர் சேர்ந்து முனகியது, நான் வேறெங்கோ போன பிறகுதான் வந்து சேர்ந்தது.

பிறகு வழி கண்டுபிடித்தேன். ஒரே மெட்டை நாற்பத்தாறு நொடிக்கு நீட்டித் திரும்பத் திரும்ப வாசித்தால், அவர் குரல் அடுத்த சுற்றில் சரியான இடத்தில் வந்து உட்காருகிறது. நாற்பது நிமிடம் சேர்ந்து பாடினோம். அவர் விலகிக்கொண்டே போவதால், நாளைக்கு மெட்டைப் பதினொரு நொடி நீட்ட வேண்டும்.

நாள் 431 | 12:30

மெட்டு இப்போது தொண்ணூற்றிரண்டு நொடி. அவர் பாடவில்லை.

"குளுருது யக்கா. ஹீட்டரை அமத்திட்டேன், ரேடியோவுக்குக் கரன்ட் வேணும்லா. பேச்சுப் பட்டனை டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன். நான் பேசாட்டாலும் லைன் தொறந்தே இருக்கும். நீங்க வாசிங்க, நான் கேட்டுக்கிட்டே கெடக்கேன்."

விரல் நுனிகள் பிளந்துவிட்டன. பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வாசித்தேன்.

நாள் 432 | 09:00

குரல் இல்லை. லைன் திறந்திருக்கிறது. அவர் கலத்தின் காற்றாடி இரைச்சல் மட்டும் வருகிறது, ஒரே சுருதியில். கீழ்த் தந்தியை அதோடு சேர்த்து வைத்தேன். வாசிக்கிறேன்.

11:40

காற்றாடி மெதுவாகிறது. இரைச்சலின் சுருதி இறங்குகிறது. தந்தியைத் தளர்த்தி நானும் கூட இறங்கினேன்.

13:15

இன்னும் கீழே. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நூற்று நாலு நொடி காத்திருந்தேன். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி.

14:50

தந்தி தொங்குகிறது. பெட்டியின் மூடியில் தட்டுகிறது. காற்றாடி இன்னும் சுற்றுகிறது, எனக்கு எட்டாத கீழ்ச் சுருதியில். மற்ற இரண்டு தந்தியில் வாசிக்கிறேன்.

15:02

இரைச்சல் நின்றது. லைனும்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: சற்றுமுன் நான் மீட்டியது இன்னும் வழியில் இருக்கிறது. போய்ச் சேர ஐம்பத்திரண்டு நொடி ஆகும். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.