லெலி கையெழுத்துப் போட்ட பிறகு

கார்விக், ஐயோவா
ஜனவரி 14

அன்புள்ள ஆர்லோவுக்கு,

நானும் நம் மகள் டெஸ்ஸாவும் நலம். நீயும் நலம் என்றுதான் சொல்கிறாய். தொலைக்காட்சியில் உன் கண்ணைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இரத்த அழுத்த மாத்திரையை விடுதிக் காப்பியோடாவது போட்டுக்கொள். போனில் நாம் பேச ஆரம்பித்தாலே யாராவது ஒரு விளையாட்டு முகவர் குறுக்கே வந்துவிடுகிறான். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

லெலி உன் பெல்ஃபோர்ட் அணியில் ஆடக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று நேற்று போனில் நீ போட்ட கூச்சலில் டெஸ்ஸா மாடியிலிருந்து ஓடி வந்தாள். இனிமேல் சொல்லலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அவன் நம் வீட்டுக்கு வந்திருந்தான். உன்னிடம் வேண்டுமென்றேதான் மறைத்தேன்.

அதற்கு முன் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் நீ ஃபுட்பால் உதவிப் பயிற்சியாளனாக இருந்தாய். எட்டு ஊர் மாறினோம். கடைசியில் பெல்ஃபோர்ட் கல்லூரி உன்னைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியபோது உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். ஆனால் உன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் நிதியில் சேர்க்கச் சொல்லிவிட்டாய் என்பதை, மளிகைப் பையை இறக்கி வைக்கக்கூட மறந்து நின்று, உன் பத்திரிகையாளர் கூட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஊருக்கே சொன்ன பிறகு எனக்கு!

மூன்றாம் நாள்தான் உன் போனை எடுத்தேன். நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "திட்டு கோரின், ஆனா கேளு. எனக்கு முன்னால இருந்தவன் ஒண்ணும் மோசமான கோச் இல்ல. அவன் வளத்த பசங்கள ஒவ்வொருத்தனா பெரிய காலேஜ்காரங்க விலை பேசித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கொட்டிக் குடுத்துட்டுப் பசங்களுக்குக் கைய விரிச்சா, நான் காலி மைதானத்துல நின்னு விசில் ஊத வேண்டியதுதான்." நீ விட்டுக்கொடுத்ததைப் பார்த்துத்தான் நன்கொடையாளர்கள் பணப்பையைத் திறந்தார்கள் என்றும் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் நீ உதவியாளர்களைத் தேடிய கதை. உன் பழைய தோழன் ரஸ்கூட, "என் சம்பளத்த அப்புறம் பேசலாம், பசங்களுக்கு எவ்வளவு வச்சிருக்காங்க, அதச் சொல்லு" என்றுதான் முதலில் கேட்டானாமே. ஆட்டக்காரர்களுக்குப் பணம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வந்தான். அன்றைக்குத்தான் நீ செய்தது எனக்கு லேசாகப் புரிய ஆரம்பித்தது.

ஆனால் அந்த வாரமே எதிர் வீட்டு பெவ் வந்து உட்கார்ந்துகொண்டாள். "பெல்ஃபோர்ட்ல முப்பத்தெட்டு பேரு பெட்டியக் கட்டிட்டானுங்களாமே! உன் வீட்டுக்காரர் யார வச்சு ஆடப்போறாரு, பேண்டு வாசிக்கிறவங்கள வச்சா?" என்றாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

லெலி வந்தது ஒரு வியாழக்கிழமை. இங்கே நீ பயிற்சி கொடுத்த, எதிரணியைத் தடுத்து நிற்கும் முன்வரிசைப் பையன்களுக்கு வியாழக்கிழமை நம் வீட்டில்தான் சாப்பாடு என்ற பழக்கம் அவனை விடவில்லை. கதவில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். அப்போது அவன் கல்லூரி மாறுவோர் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கவில்லை. பெயர் கொடுக்கும்வரை பழைய கல்லூரிப் பையன்களை நம் பக்கம் இழுத்து ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது விதி, அது எனக்கும் சேர்த்துத்தான் என்று நீ எச்சரித்திருந்தாய். அதனால் வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "ஃபுட்பால் பத்தி நான் வாயத் திறக்க மாட்டேன் லெலி. திறந்தா கோச்சுக்கு ஆபத்து. சாப்பிடறதா இருந்தா உக்காரு."

உட்கார்ந்தான். பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லி மூன்று கிண்ணம், ஐந்து இலவங்கப்பட்டை ரொட்டி. அவன் பேசிக்கொண்டே இருந்தான், நான் பாத்திரம் துடைத்துக்கொண்டே இருந்தேன். தெற்கே ஒரு பெரிய கல்லூரி அவனை வளைக்கப் பார்க்கிறது என்றான். சால்ட் லேக்கில் மருத்துவமனைத் துணி துவைக்கும் அம்மாவுக்கு இடுப்பு வலி அதிகமாகிவிட்டது என்றான். திடீரென்று, "கோச் தன் சம்பளத்தக் கொறைச்சுக்கிட்டாராமே மிஸ் கோரின், உங்களுக்குக் கோவம் வரலயா?" என்று கேட்டான்.

அது ஃபுட்பால் இல்லை, என் குடும்ப விஷயம் என்று நினைத்துப் பதில் சொன்னேன். "வந்துச்சு. இன்னும் இருக்கு. என்கிட்ட கேக்காமப் பண்ணிட்டாரேன்னுதான் கோவம். பண்ணதுல கோவமில்ல."

சொல்லி முடிக்கும்வரை அது எனக்கே தெரியாது, ஆர்லோ. அவன் தலையாட்டினான், தட்டைக் கழுவி வைத்தான், போய்விட்டான். நான் பேசியது தப்போ என்று பயந்துதான் உன்னிடம் சொல்லவில்லை. தப்பென்றால் இப்போது திட்டிக்கொள்.

ஜனவரி இரண்டாம் தேதி அவனாகப் பெயர் கொடுத்தான், நீ கூப்பிட்டாய். மீதி உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று. இன்று காலை அவன் அம்மா எனக்குப் போன் செய்தாள். "அந்தத் தெக்குக் காலேஜ்ல ரெட்டிப்புப் பணம் தர்றேன்னாங்க. ஆனா ரெண்டு வருஷம் பெஞ்சுல உக்காரணுமாம். இவன் ஆடணும்ங்கறான். உங்க வீட்டுக்காரர் குடுக்கறதே எனக்குப் போதும், அடுத்த மாசத்தோட வேலைய விடறேன். என்னையும் ஒரு வார்த்த கேக்காமத்தான் முடிவு பண்ணான். எல்லாரும் ஒரே மாதிரி!" இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம்.

லெலியைப் பார்த்து இன்னும் இருவர் வருவதாகச் சொன்னாய். முன்வரிசையில் ஐந்து பேரில் மூன்று பேர் ஆயிற்று. மீதி இரண்டு பேருக்கு டெஸ்ஸா தன் கணினியில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். பள்ளி முடியும் ஜூன் வரை இந்த ஊரைவிட்டு நகர மாட்டேன் என்று அழுதவள், நேற்று பெல்ஃபோர்ட் பள்ளியில் நீச்சல் அணி உண்டா என்று கேட்டாள். அவசரப்பட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று, தெரியாது என்று மட்டும் சொன்னேன். நீ விசாரித்து வை.

விடுதி அறையைக் காலி செய்துவிட்டு ஒரு வாடகை வீடு பார். மாற்று ஆட்களையும் சேர்த்து ஒன்பது தடியன்கள் உட்காரும் மேஜை கொள்கிற சமையலறை வேண்டும். மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

கடவுள் உன்னையும் உன் பையன்களின் முழங்கால்களையும் காக்கட்டும். இனி எதை விட்டுக்கொடுப்பதென்றாலும் முதலில் என்னிடம் கேள். சரி என்றுதான் சொல்வேன். ஆனாலும் கேள்.

உன்,
கோரின்