நான் கூட்டிப் போட்ட டிக்குகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான், அம்மா, உன் தங்கை, கடை, நால்வரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்டால் இரண்டு நொடி யோசித்துவிட்டுத்தான் ம்ம் என்கிறாய், அந்த இரண்டு நொடியை அம்மா பிடித்துவிட்டாள், ஆகவே நேரத்துக்குச் சாப்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளுக்கு ஆட்டிசம் என்பது நமக்குப் பழகிப்போன சங்கதி. இப்போது பள்ளியில் ஒரு புது டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள், நாங்கள் மூவரும் போனோம். அவர், ஆட்டிசத்தோடு கூடவே கவனக்குறைவுக் கோளாறும் இருக்கிற மாதிரி தெரிகிறது, மாத்திரை தொடங்கலாமா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கடையில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து வாஷர்களை அளவு வாரியாகப் பிரிக்கிற பிள்ளைக்கா கவனமில்லை என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, பிடித்த வேலையில் மூழ்குகிறவர்களுக்கும் அது இருக்கலாம், இரண்டும் சேர்ந்து வருவது உண்டு என்றார். சரக்கு தெரிந்தவர்தான். ஆனாலும் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றேன். மேசை மேல் ஒரு தாளை எடுத்து வைத்தார். பார்த்தால் என் கையெழுத்து.

அது நான் நிரப்பிக் கொடுத்த படிவம். ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும் என்று நான்கு கட்டம். சிரமம் அதிகம் என்று காட்டினால், வகுப்பில் அவளுக்கு உதவ வரும் டீச்சரை இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக அனுப்புவார்கள் என்பது என் கணக்கு. முப்பது வருடமாகக் குழாய் வியாபாரம் பார்க்கிறவன் நான். கம்பெனிக்காரனிடம் ஐந்து குழாய் ஒழுகுகிறது என்றால் இரண்டைத்தான் மாற்றித் தருவான், பெட்டியே ஒழுகுகிறது என்றால்தான் ஐந்தும் வரும். அந்தப் பழக்கத்தில் எப்போதும், எப்போதும் என்று வரிசையாக டிக் போட்டுவிட்டேன், டாக்டரம்மா எப்படியும் பாதியாகக் குறைத்துத்தானே எடுத்துக்கொள்வார் என்று. அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். வாயால அளந்தது போதாதுன்னு பேனாவாலயும் அளந்தாச்சா என்று அம்மா அங்கேயே கேட்டுவிட்டாள்.

இதற்குள் சின்னவள் தாளை இழுத்து வைத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். பொருளைத் தொலைக்கிறாளா என்பதற்கு எதிரே, இந்த வருடம் குடை இரண்டு, அப்பா மூக்குக்கண்ணாடி நான்கு. பேசும்போது கவனிக்கிறாளா, அப்பா ஒரே கதையை மூன்றாவது தடவை சொல்லும்போது மட்டும் இல்லை. டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். அடுத்தது, வீட்டுப்பாடத்தைப் பாதியில் விடுகிறாளா. ஆமாம், தலைக்குள் அஞ்சு பேர் ஒரே நேரத்துல விலை கேக்குற மாதிரி இருக்கு என்று எழுதியிருந்தாள். என் சிரிப்பு நின்றுவிட்டது. அது எனக்குத் தெரியும் மகளே. தாங்காதபோது நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். அவளுக்கு ஏது ஷட்டர்.

டாக்டரம்மா அவசரமில்லை, மாத்திரையை அப்புறம் யோசிக்கலாம், முதலிலிருந்து பார்ப்போம் என்று சொல்லி, அவளை நன்றாக அறிந்தவர்கள் நிரப்பப் புதுப் படிவங்கள் கொடுத்தார். ஒன்று இத்துடன் உனக்கு. பத்து வருடம் ஒரே அறையில் அவளோடு படுத்து எழுந்தவள் நீ. கூட்டாதே, என் மேல் இரக்கப்பட்டுக் குறைக்கவும் செய்யாதே. இல்லாத ஒன்றைப் பிள்ளை தலையில் கட்ட விடமாட்டேன், இருக்கிற ஒன்றை என் வீம்புக்காக மறைக்கவும் மாட்டேன்.

நோய்நொடி இல்லாமல், போன இடத்தில் நல்ல பேரோடு இரு. படிவத்தில் கையெழுத்துப் போட மறக்காதே, நீ மறப்பாய்.

அன்புடன்,
அப்பா

பி.கு: உறையை ஒட்டுமுன் சின்னவள் இதைப் படித்தாள். கேள்வி ஐம்பது இல்லையாம், பதினெட்டாம். வியாபாரம் முப்பது வருடம் இல்லையாம், இருபத்திரண்டாம். வாஷர் பிரித்தது மூன்று மணி நேரம் இல்லையாம், நாற்பது நிமிடம், நடுவில் ஆறு தடவை எழுந்து போனாளாம். கடைசியை டாக்டரம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.