அப்பாவின் ஈரல் பாஸாகிவிட்டது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், இந்தத் தடவை அதற்கு மருத்துவமனை முத்திரை குத்திய தாளே என் கையில் இருக்கிறது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

அம்மாடி, பெரியப்பாவுக்கு என் ஈரலில் ஒரு பங்கு கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கணக்கில் மூன்று தடவை ஃபெயிலானவன் ஈரலில் இரண்டாம் தடவையே பாஸ். எனக்குப் பதில் நீ ஈரல் கொடுக்கிறேன் என்று ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தாயே, அதை வாபஸ் வாங்கு. நாலு மாதம் முன்னால் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்து, ஈரல் பூரா கொழுப்பு, இதை யாருக்கும் வைக்க முடியாதுன்னு சொன்னது உனக்குத் தெரியும். பெரியப்பாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்த மனுஷன், ஆயுசுல ஒரு தடவை உன்கிட்ட ஒண்ணு கேட்டேன், அதையும் எண்ணெயில ஊறப் போட்டு வச்சிருக்கியேடா என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

டாக்டரம்மா பொரித்ததையும் சர்க்கரையையும் நிறுத்தி, கீரை, பீட்ரூட், கேரட், தக்காளி, திராட்சை என்று எழுதிக் கொடுத்தார். அதிலெல்லாம் ஆன்டிஆக்சிடென்ட் இருக்கிறதாம். அப்படின்னா என்னங்க என்றேன். தையல் மெஷின் துருப்பிடிக்காம எண்ணெய் விடுறீங்கல்ல, அது மாதிரி ஈரலைக் காக்குற சத்து, ஆனா அதை மட்டும் தின்னுட்டு உட்கார்ந்திருந்தா ஆகாது, தினம் நடக்கணும் என்றார். அன்றிலிருந்து என் சாப்பாட்டுத் தட்டு கடையிலுள்ள நூல் டப்பா மாதிரிதான், அத்தனை கலர். வாரா வாரம் இடுப்பை நானே அளந்து அளவு நோட்டில் எழுதினேன், முதல் வாரமே இரண்டு இஞ்ச் குறைந்தது. சட்டைக்கு அளவெடுக்கும்போது மூச்சை விடுங்க சார் என்று ஊரையே அதட்டுகிறவன் நானே மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்திருக்கிறேன். உன் அம்மா டேப்பைப் பிடுங்கி, யாரை ஏமாத்துறீங்க, என்னையா உங்க அண்ணனையா என்றாள். அப்புறம் அவள்தான் அளந்தாள். முப்பத்தெட்டு முப்பத்துநாலாக நாலு மாதம் பிடித்தது, நேற்று ஸ்கேனில் டாக்டரம்மாவே மூச்சைப் பிடிங்க என்றபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஈரல் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார். தாளைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். உன் ஈரலை வச்சா எனக்கும் கணக்கு வராமப் போயிடுமேடா என்றார், இந்தத் தடவை மூக்கைச் சிந்தியது அவர்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி ஆபரேஷன். பயப்படாதே, நன்றாக இருப்போம், நீயும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. போன போட்டோவில் உனக்குக் கன்னம் உப்பியிருந்தது, அதனால் இதோடு ஒரு டேப் வைத்திருக்கிறேன். மூச்சை விட்டுவிட்டு அளந்து எழுது.

இப்படிக்கு,
முப்பத்துநாலு இஞ்ச் அப்பா
(அளந்தது அம்மா)