வண்டியில் கேட்ட இரண்டு பாட்டு

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

வேலை செய்யும் கிடங்குக்கு எங்களை வண்டியில் அழைத்துப்போகும் ஓட்டுநர், தாமே எழுதிப் பாடுகிறவர்களின் கிட்டார் பாட்டுகளாகவே போடுவார். இரண்டை மருமகளின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். முதலில் பழையதைக் கேள், மவுத்தார்கன் வரும். புதியதில் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடுகிறாள். என் ரசனை சரிதானா, தெரியவில்லை.

"எது சார் ஒசத்தி?" என்றார் ஓட்டுநர்.

"ரெண்டும் நல்லாத்தான்..."

"மழுப்பாதீங்க சார்!"

"எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கறப்ப பாடுவாங்க. அதுதான்."

"அடேங்கப்பா! போடுங்க, கேப்போம்!"

என்னிடம் ஏது அந்தப் பாட்டு?

பதிவு செய்து அனுப்புவாயா? போனில் கேட்கக் கூச்சம், அதனால்தான் கடிதம். ஓட்டுநருக்குப் போட்டுக்காட்ட மாட்டேன். குழாயை மூடாதே, தண்ணீர்ச் சத்தமும் வேண்டும்.

வண்டி வந்துவிட்டது.

உன்னவன்